கோயில்ல பறை அடிக்கலாமா?

கேள்வி: எங்க சர்ச்சுக்குப் புதுசா வந்த ஆயர் பறை அடிச்சு ஆராதனை பண்ணலாம்ங்கிறார், சாதி பத்தியும் பிரசங்கத்துல பேசுறார். இதெல்லாம் கோயில்ல தேவையா?

பதில்: கண்டிப்பா தேவைங்க. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில பாடம் எடுத்த தியாஃபிலஸ் அப்பாவு, ‘பரட்டை அண்ணன்’னு எல்லாரும் கூப்பிடுவாங்க, அவர் கர்நாடக ராகத்துல பாடுற கீர்த்தனையே உசந்ததுன்னு இருந்த நெனப்பை கேள்வி கேட்டு, வழிபாட்டையே கிராமிய மெட்டுக்கு மாத்துனவர். ‘ஒரு ஒலை’, அதாவது ஒரே உலைன்னு சொல்வார், எல்லாரும் ஒரே பானையில பொங்கி ஒண்ணா உக்காந்து சாப்பிடணும், அப்பமும் ரசமும் பகிர்ற நற்கருணைன்னா அதான்னு. எனக்கு அந்த நெனப்பு ரொம்பப் பிடிக்கும்.

சாதி பேசாம எப்படிங்க இருக்கிறது? எஸ்.சி. பட்டியல் பத்தின 1950 ஜனாதிபதி ஆணைப்படி தலித் ஒருத்தர் கிறிஸ்தவரானா எஸ்.சி. உரிமை போயிடுது, சீக்கியருக்கு 1956லயும் பௌத்தருக்கு 1990லயும் திருத்திட்டாங்க, தலித் கிறிஸ்தவங்களுக்கு இன்னும் இல்ல. சர்ச்சுக்குள்ள வந்தாலோ, சில ஊர்ல கல்லறையே தனித்தனி! செத்த பிறகுமா? இயேசு யார் வீட்டுல சாப்பிட்டார்னு சுவிசேஷத்தை எடுத்துப் பாருங்க. வர்ற ஞாயிறு பறை அடிக்க வர்றவங்க பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு எனக்கு எழுதுங்க.