நெய்வேலிச் சுரங்கத்தில் ஏன் இரவும் பகலும் நீர் இறைக்கிறார்கள்?

நெய்வேலி நிறுவனம் என்பது, 1956 இல் இந்திய நடுவண் அரசு தொடங்கி, 2016 முதல் என்.எல்.சி. இந்தியா என்ற பெயரில் இயங்கும் அரசுடைமைச் சுரங்க நிறுவனமாகும். அது வெட்டியெடுப்பது பழுப்பு நிலக்கரி; அதாவது, முழுமையாக முதிராத, ஏறத்தாழ பாதி எடை ஈரமாகவே உள்ள கரி.

இக்கரிப் படுகைக்குக் கீழே மணற்படையில் நிலத்தடி நீர் பெரும் அழுத்தத்துடன் அடைபட்டிருக்கிறது. சோற்றுப் பானை மூடியின்மேல் அம்மிக் குழவியை வைத்திருக்கும்வரை மூடி அசையாது; குழவியை எடுத்ததும் ஆவி மூடியைத் தூக்கிவிடும். அதுபோலவே, மேலுள்ள பல பத்து மீற்றர் மண்ணைச் சக்கர வாளி இயந்திரங்கள் அகற்றும்போது, கீழேயுள்ள நீர் சுரங்கத் தளத்தைப் பிளந்துகொண்டு மேலெழக்கூடும் என்பதால், சுற்றிலும் ஆழ்குழாய்க் கிணறுகள் அமைத்து அழுத்தத்தை இடையறாது குறைக்கிறார்கள். அந்நீரில் ஒரு பகுதி அனல்மின் நிலையங்களுக்குப் பயன்படுகிறது. ஆயினும், கிணற்று நீரையே நம்பி வாழும் யாழ்ப்பாணத்தவராகிய நமக்கு, நீர்மட்டம் இறங்குவதாக அயற்கிராம மக்கள் கொள்ளும் கவலை எவ்வளவு நியாயமானது என்பது சொல்லாமலே விளங்கும்.

ஈரப் பொச்சுமட்டை அடுப்பில் புகைவதைப்போல, இக்கரியும் எடைக்கேற்ற வெப்பத்தைத் தருவதில்லை. தொலைவுக்குச் சுமந்து சென்றால் பாதிக் கூலி தண்ணீருக்கே போய்விடும். ஆகையால் மின்நிலையங்களைச் சுரங்கத்தின் அருகிலேயே கட்டினார்கள்.

இலங்கையின் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் எரிவது நெய்வேலிக் கரி என்று நம்மிற் சிலர் எண்ணுவதுண்டு. உண்மையில் அங்கு எரிவது வெளிநாடுகளிலிருந்து கப்பலில் வரும், நன்கு முதிர்ந்த கறுப்பு நிலக்கரியாகும்.