"கறுப்பு நர்ஸ் வேண்டாம்" என்று நோயாளி சொன்னால்?

கேள்வி: அக்கா, அமெரிக்காவில் நோயாளி அப்படிக் கேட்டால் நிர்வாகம் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

பதில்: இல்லை தம்பி. இண்டியானாவில் ஒரு முதியோர் இல்லத்தில் பிரெண்டா சேனி என்ற கறுப்பினப் பெண் உதவிச் செவிலியராக இருந்தார். தினமும் கையில் கொடுக்கும் வேலைத்தாளில் ஒரு மூதாட்டியின் பெயரோடு 'கறுப்பின உதவியாளர் வேண்டாம்' என்ற குறிப்பும் இருக்கும். ஒருமுறை அந்த அம்மா எழ முடியாமல் தரையில் கிடந்தார். பார்த்துவிட்ட சேனிக்கு, அந்தக் குறிப்பால், தூக்கிவிட அனுமதி இல்லை. வெள்ளை உதவியாளரைத் தேடிக் கட்டடம் முழுக்க அலைந்தார். விழுந்து கிடந்தவருக்கு இதில் என்ன நன்மை, சொல்லுங்கள்? யார் கவனிக்க வேண்டும் என்பது முதியவரின் உரிமை என்று நிர்வாகம் வாதாடியது. 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் 1964ஆம் ஆண்டு சிவில் உரிமைச் சட்டத்தை மீற அது சாக்காகாது என்றது.

கேள்வி: பெண் நோயாளி பெண் டாக்டர் கேட்கலாமே, இது மட்டும் ஏன் கூடாது?

பதில்: நல்ல கேள்வி. அது உடல் கூச்சம் சம்பந்தப்பட்டது. பாலினத்துக்குச் சட்டத்திலேயே குறுகலான ஒரு விலக்கு உண்டு. இனத்துக்குக் கிடையாது.

கேள்வி: கறுப்பர், பெண் இரண்டையும் சேர்த்து வழக்குப் போட முடியுமா?

பதில்: 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் கார் நிறுவனத்தின் மீதான வழக்கில் முடியாது என்றார்கள். கறுப்பு ஆண்களுக்கும் வேலை உண்டு, வெள்ளைப் பெண்களுக்கும் உண்டு என்றால், நடுவில் விடுபட்டவர் யாரிடம் போவது? 1980இல் வேறொரு நீதிமன்றம் முடியும் என்றது. சேர்த்தே போடலாம்.

கேள்வி: முன்பெல்லாம் எப்படி?

பதில்: இன்னும் மோசம். 1941இல் ராணுவம் கறுப்பின நர்ஸ்களுக்கு ஒதுக்கிய இடம் வெறும் 56. 1945 ஜனவரியில் நர்ஸ் போதவில்லை, கட்டாயமாகச் சேர்க்க வேண்டியிருக்கும் என்று பேச்சு வந்தது. அப்போது கறுப்பின நர்ஸ்கள் சங்கத்தின் செயலாளர் மேபல் ஸ்டாப்பர்ஸ் எழுந்து, கறுப்பின நர்ஸ்களை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டார். அந்த மாதமே ராணுவம், கடற்படை இரண்டும் கதவைத் திறந்தன.

கேள்வி: என் மனைவியோடு வேலை பார்க்கும் ஜமைக்காத் தோழிக்கும் இதே நிலைதான். அவர் இப்போது என்ன செய்வது?

பதில்: தேதி, ஷிப்ட், யார் என்ன சொன்னது எல்லாவற்றையும் அன்றன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். வேலையிடப் பாகுபாட்டை விசாரிக்கும் அரசின் சமவாய்ப்பு ஆணையத்தில் 180 நாளுக்குள் புகார் தர வேண்டும். மாநில ஆணையமும் உள்ள இடங்களில் 300 நாள். மேலதிகாரி பார்த்துக்கொள்கிறேன் என்றாலும் அந்த நாள் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருக்கும்.