சிவப்புச் சுளை: சாயமா, சத்தா?

மயூர் விகார் சந்தையில் 'மால்ட்டா' என்று வாங்கிய பழத்தை வெட்டினால் உள்ளே பீட்ரூட் நிறம். சாய ஊசி போட்டிருப்பார்களோ?
– வாசகி, டெல்லி

பயம் வேண்டாம். பஞ்சாபில் பயிராகும் மால்ட்டா ஆரஞ்சு வகைகளில் 'பிளட் ரெட்'டும் ஒன்று. நம் சாத்துக்குடிக்குப் பங்காளி. நாவல்பழத்துக்கு நிறம் தரும் ஆந்தோசயனின்தான் இதற்கும். இரவுக் குளிர் பட்டால்தான் அது ஊறும். அதனால் ஒரே கூடையில் ஒரு பழம் கருஞ்சிவப்பாகவும் இன்னொன்று வெறும் கீற்றோடும் இருக்கும். தோலைப் பார்த்துச் சொல்ல முடியாது.

ஊசி குத்திய பழம் துளை வழியே கசியும், சீக்கிரமே அழுகும். சாயம் ஏற்றினால் சுளைத்தோல், வெள்ளை நார் எல்லாவற்றிலும் அப்பும். இயற்கை நிறம் பெரும்பாலும் சாற்றுமணிகளுக்குள்ளேயே நிற்கும். சந்தேகம் தீரவில்லையா? ஒரு ஸ்பூன் சாற்றில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். நுரைக்கும்; இயற்கை நிறமானால் சிவப்பு மாறி நீலமோ பச்சையோ தட்டும்.

இறக்குமதியாகும் 'காரா காரா' ஆரஞ்சில் இந்தச் சோதனை பலிக்காது. அதன் நிறம் சிவப்புக் கொய்யாவில் உள்ள லைக்கோபீன், சோடாவுக்கு அசையாது. நிறம் மாறவில்லை என்பதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அடியில் தொப்புள், உள்ளே கொய்யாச் சிவப்பு இருந்தால் அது காரா காராதான்.

சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறுமா?
– வாசகர், கரோல் பாக்

ஊறாது. 100 கிராம் சுளையில் இரும்புச்சத்து கால் மில்லிகிராம்கூடத் தேறாது. வைட்டமின் சி சுமார் 50 மி.கி. உண்டு. ஐ.சி.எம்.ஆர். 2020-இல் பெண்களுக்குச் சொன்ன அன்றாட அளவு 65 மி.கி., ஆண்களுக்கு 80. கீரை, பயறிலுள்ள இரும்பை உடம்பு உறிஞ்ச இந்த வைட்டமின் உதவும். ஆகவே மதியச் சாப்பாட்டோடு சாப்பிடுங்கள். காபியை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அது இரும்பைத் தடுக்கும். சாதா ஆரஞ்சிலும் வைட்டமின் சி ஏறக்குறைய இவ்வளவுதான். வைட்டமினுக்காக மட்டும் இரட்டை விலை கொடுப்பது வீண்.

காரா காரா சாறு பிரிட்ஜில் வைத்தால் கசக்கிறதே?
– வாசகி, ஆர்.கே. புரம்

தொப்புள் ஆரஞ்சுகளின் குணம் அது. பிழிந்த பிறகு சாற்றில் லிமோனின் என்ற கசப்புப் பொருள் மெல்ல உருவாகிறது. சில மணி நேரத்தில் கசப்பு தெரியும். பிழிந்ததும் குடித்துவிடுங்கள். மிக்ஸியில் வெள்ளை நாரும் அரைபட்டால் இன்னும் மோசம். கேசரிக்கு ரத்தச் சிவப்பு மால்ட்டா சாறு சேர்ப்பதானால் அடுப்பை அணைத்த பின் ஊற்றுங்கள். கொதித்தால் நிறம் பழுப்பாகிவிடும்.