புத்தகம் பார்த்து குயில்ட் தைக்கிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

குயில்ட் என்பது துணித் துண்டுகளை இணைத்த மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி மூன்றையும் சேர்த்துத் தைக்கும் போர்வை; துண்டுகளை இணைத்து உருவாக்கும் அதன் ஒவ்வொரு சதுரப் பகுதியும் ஒரு பிளாக். சொல்லித்தர அருகில் ஆள் இல்லாமல், புத்தகத்தை மட்டும் நம்பி குயில்ட் தைக்க உட்கார்ந்தவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். பெரும்பாலான குழப்பங்களுக்கு வேர் ஒன்றுதான்: அமெரிக்கத் துணிக்கடை, அமெரிக்கக் கருவி, அமெரிக்கக் குளிர் மூன்றும் வாசகரிடம் இருப்பதாக எண்ணிக்கொண்டு எழுதப்பட்ட புத்தகத்தை நாம் வேறு ஊரில் விரித்து வைத்திருக்கிறோம்.

பிளவுஸ் தைத்துப் பல வருடப் பழக்கம். ஆனாலும் குயில்ட் பிளாக் ஒன்றுகூடப் புத்தகம் சொல்லும் அளவுக்கு வருவதில்லை, சிறிதாகிவிடுகிறது. ஏன்? (மதுரை)

பிளவுஸில் பின்னால் பிரித்துவிட உதவும் என்று பக்கத் தையலில் தாராளமாகத் துணி விடுவோம். ஓரம் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்புக்குப் பொருந்திவிடும். குயில்ட்டில் தையலுக்கு விடுவது கால் இன்ச், அதாவது இரண்டு நூல் மட்டுமே (எட்டு நூல் ஒரு இன்ச்). அரை நூல் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு பக்கத் துணியிலும் சேர்த்து ஒரு தையலுக்கு ஒரு நூல் போகிறது. வரிசைக்கு 12 கட்டம் என்றால் 11 தையல். பதினொரு நூல் என்பது ஒன்றேகால் இன்ச்சுக்கும் மேல். பக்கத்து வரிசையோடு இணைக்கும்போதுதான் அது தெரியவரும்.

இன்னொன்றையும் பல புத்தகங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. தைத்த துணியை மடித்துத் தேய்க்கும்போது அந்த மடிப்பே கொஞ்சம் துணியை விழுங்கும். ஆகவே கால் இன்ச்சை விட ஒரு நூலிழை குறைவாகத் தைக்க வேண்டும். சோதிக்க வழி இருக்கிறது. ஒன்றரை இன்ச் அகலத்தில் மூன்று துண்டுகள் வெட்டி, பக்கம் பக்கமாகத் தைத்துத் தேய்த்துவிட்டு அளந்து பாருங்கள். மொத்தம் சரியாக மூன்றரை இன்ச் இருக்க வேண்டும். நடுத்துண்டு ஒரு இன்ச் தெரிய வேண்டும். குறைந்தால் உங்கள் தையல் உள்ளே போகிறது. சரியான இடம் கிடைத்ததும் மெஷின் தகட்டின்மேல் டேப் ஒட்டி அதன் ஓரமாகவே துணியை நகர்த்துங்கள். இந்தச் சோதனையை முடிக்காமல் ஒரு பிளாக்கும் வெட்டாதீர்கள் என்பேன்.

ரோட்டரி கட்டர், அதற்கான பாய், அக்ரிலிக் ஸ்கேல் எல்லாம் இல்லாமல் தொடங்கவே முடியாது என்கிறது என் புத்தகம். விலை கட்டுப்படியாகவில்லை. கத்தரிக்கோல் போதாதா? (கோவை)

போதும். ஓல்ஃபா நிறுவனம் ரோட்டரி கட்டரைக் கொண்டுவந்தது 1979-இல். அதற்கு முன் உலகில் தைக்கப்பட்ட குயில்ட்டுகளுக்கு அந்தச் சக்கரக் கத்தி இருந்ததே இல்லை. உங்களுக்கு ஏற்றது பழைய பாணிப் புத்தகம். வெட்டு அளவுகளைப் பட்டியலாகத் தராமல், வடிவத்தை அச்சிட்டு "இதை அட்டையில் வெட்டிக்கொள்" என்று சொல்லும் புத்தகங்கள் அவை. பழைய புத்தகக் கடைகளில் மலிவாகவும் கிடைக்கும்.

வாங்கியதும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அச்சிட்ட வடிவத்தில் தையல் ஓரம் சேர்ந்திருக்கிறதா, இல்லையா? கைத்தையலுக்கான புத்தகங்களில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது. அட்டையைச் சுற்றி வரையும் கோடு தையல் கோடு. அதற்கு வெளியே கால் இன்ச் விட்டு வெட்ட வேண்டும். மெஷின் தையலுக்கானவற்றில் இரட்டைக் கோடு இருக்கும்; வெளிக்கோடு வெட்ட, உள்கோடு தைக்க. ஜப்பானியப் புத்தகங்கள் பெரும்பாலும் ஓரம் சேர்க்காமலே வடிவம் தரும்; அளவும் சென்டிமீட்டரில் இருக்கும். இன்ச் புத்தகத்தைச் சென்டிமீட்டருக்கோ, சென்டிமீட்டர் புத்தகத்தை இன்ச்சுக்கோ மாற்றிக்கொண்டு உட்காராதீர்கள். எந்த அளவில் எழுதியிருக்கிறார்களோ அதிலேயே வெட்டித் தையுங்கள்.

ஜெராக்ஸ் எடுக்கும்போது அளவு மாறாமல் எடுக்கச் சொல்லுங்கள். அமெரிக்கத் தாளும் நம் ஏ4 தாளும் வேறு அளவு. "தாளுக்குப் பொருத்து" என்று இயந்திரம் தானாகச் சுருக்கிவிடும். அட்டை நாலைந்து முறை வரைந்ததும் மூலை தேய்ந்துபோகும். பழைய எக்ஸ்ரே ஃபிலிம் வீட்டில் இருந்தால் அதில் வெட்டிக்கொள்ளுங்கள்.

எட்டில் ஏழு பங்கு, ஆர்எஸ்டி, எச்எஸ்டி, டபிள்யூஓஎஃப்... இது தையலா, ரகசியக் குறியீடா? (திருச்சி)

ஆர்எஸ்டி: இரண்டு துணிகளின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைப்பது. டபிள்யூஓஎஃப்: துணியின் முழு அகலம். அமெரிக்கக் கணக்கில் அது 42 முதல் 44 இன்ச். நீங்கள் வாங்கும் துணி 36 இன்ச் பன்னா என்றால் புத்தகம் சொல்லும் கஜக் கணக்கு உங்களுக்குப் போதாது; ஒரு துண்டில் எத்தனை சதுரம் விழும் என்று நீங்களே கணக்கிட வேண்டும். எச்எஸ்டி: இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சதுரம்.

அந்த முக்கோணச் சதுரத்தில்தான் ஏழு நூல் கணக்கு வருகிறது. சதுரத்தைக் குறுக்கே வெட்டினால், சாய்ந்த பக்கத்திலும் தையல் ஓரம் வேண்டும். நேர்பக்கத்துக்கு விடும் அரை இன்ச் அதற்குப் போதாது. அதனால் முடிந்தபின் இரண்டு இன்ச் வேண்டுமென்றால் இரண்டு இன்ச் ஏழு நூல் சதுரம் வெட்டச் சொல்கிறார்கள். தொடக்கத்தில் அந்தத் துல்லியத்தோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மூன்று இன்ச்சில் இரண்டு சதுரங்கள் வெட்டி, நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க ஒன்றன்மேல் ஒன்று வைத்து, குறுக்கே கோடு போடுங்கள். கோட்டுக்கு இருபுறமும் கால் இன்ச் தள்ளித் தைத்து, கோட்டின்மேல் வெட்டினால் இரண்டு சதுரங்கள் கிடைக்கும். தேய்த்து, இரண்டரை இன்ச்சுக்குச் சீவிவிடுங்கள். கொஞ்சம் துணி வீண்தான், பொறுமை மிஞ்சும்.

தேய்க்கும்போது இஸ்திரிப் பெட்டியை முன்னும் பின்னும் இழுக்காமல், வைத்து எடுத்து வைத்து எடுத்துத் தேயுங்கள். சாய்வாக வெட்டிய ஓரம் கிராஸ் துணி போல நீளும் என்பது பிளவுஸ் தைத்தவர்களுக்குத் தெரியும்.

நூலகத்திலிருந்து ஒரு கட்டுப் புத்தகங்கள் எடுத்துவந்தேன். தையலை ஒரு பக்கம் சாய்த்துத் தேய் என்கிறது ஒன்று, விரித்துத் தேய் என்கிறது மற்றொன்று. யார் சொல்வது சரி? (டொராண்டோ)

இருவருமே. ஒரு பக்கம் சாய்த்தால் தையல் வலுவாக இருக்கும். அடுத்தடுத்த வரிசைகளை எதிரெதிர்ப் பக்கம் சாய்த்தால் சந்திப்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டு மூலை பிசகாது. விரித்துத் தேய்த்தால் தட்டையாக இருக்கும். ஒரே புள்ளியில் பல முனைகள் கூடும் நட்சத்திர பிளாக்குகளுக்கு அது வசதி. ஒரு குயில்ட் முடியும்வரை ஒரு புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முதலாவது புத்தகத்தின் வெட்டு அளவையும் இரண்டாவதின் தேய்க்கும் முறையையும் கலந்தால் சந்திப்புகள் பொருந்தாமல் போகலாம்.

துணியைத் துவைக்காமலே வெட்டலாம் என்று புத்தகம் சொல்கிறது. என்னிடம் இருப்பது சுங்குடிச் சேலைத் துண்டுகளும் வெள்ளைத் துணியும். (திண்டுக்கல்)

துவைக்காமல் வெட்டவே வெட்டாதீர்கள். அந்த அறிவுரை குயில்ட்டுக்கென்றே அச்சிட்ட மில் துணிக்கானது. சுங்குடி, கலம்காரி, கைத்தறி எதுவானாலும் முதலில் நனைத்து, ஈரத்தோடு ஒரு வெள்ளைத் துணியின்மேல் அழுத்தி வையுங்கள். கறை தெரியாத வரை மறுபடி அலசுங்கள். உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சாயத் தொட்டியில் துணி சாயம் ஏற்க உப்பு உதவும். ஏற்காமல் மிஞ்சி ஒட்டியிருக்கும் சாயத்தை அது கட்டாது. எத்தனை அலசினாலும் போகும் சிவப்பை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

நடுவில் வைக்கும் பஞ்சு அடுக்குக்கு இலவம்பஞ்சு வைக்கலாமா? சென்னை வெயிலில் இதைப் போர்த்தவும் முடியுமா? (சென்னை)

இலவம்பஞ்சு வேண்டாம். அதன் இழை வழவழப்பானது, ஒன்றையொன்று பற்றாது. தலையணை உறைக்குள் அது நல்லது. குயில்ட்டுக்குள் வைத்தால் இரண்டு முறை துவைப்பதற்குள் மூலைக்கு மூலை உருண்டையாகத் திரண்டுவிடும். புத்தகம் பேட்டிங் என்றும் பிரிட்டிஷ் புத்தகமானால் வாடிங் என்றும் சொல்வது, இழைகளைப் பின்னிப் படுக்கையாக்கிய விரிப்பை. எவ்வளவு இடைவெளிக்குள் தைத்தால் அது கலையாது என்பது உறையில் போட்டிருக்கும். அந்த இடைவெளிக்கு மேல் விடக்கூடாது.

சென்னைக்கு அதுவும் தேவையில்லை என்பது என் கட்சி. வங்காளத்து காந்தாவில் பஞ்சே கிடையாது. நைந்த பருத்திச் சேலைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்தது அது. தைக்கும் நூலைக்கூடப் பழைய சேலைக் கரையிலிருந்து உருவிக்கொள்வார்கள். நீங்களும் நடுவில் ஒரு பழைய மல் வேட்டியோ நூல் சேலையோ வையுங்கள். ஏ.சி. அறையில் படுப்பவர்கள் ஃபிளானல் வைக்கலாம். தைப்பதற்கும் சுலபம், ஊசி திணறாது.

என்னிடம் இருப்பது கால் மெஷின். வாக்கிங் ஃபூட் என்ற பாதம் இதற்குக் கிடைக்கவில்லை. (யாழ்ப்பாணம்)

துண்டுகளை இணைக்கக் கால் மெஷினைவிட நல்லதில்லை. நேர்த்தையல் மட்டும் போடும், அதைத் துல்லியமாகப் போடும். சிக்கல் மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போதுதான். கீழ்ப்பற்கள் அடித்துணியை இழுக்க, மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். வாக்கிங் ஃபூட் மேலிருந்தும் இழுத்துக் கொடுக்கும். அது இல்லையென்றால் மெஷின் பாதத்தின் அழுத்தத்தை மேலே உள்ள திருகால் குறையுங்கள், நான்கு விரல் இடைவெளியில் ஊக்கு குத்துங்கள், நடுவிலிருந்து வெளிப்பக்கமாக நேர்கோடுகள் மட்டும் தையுங்கள். அதுவும் சரிவரவில்லையா, கனமான பருத்தி நூலால் நான்கு இன்ச்சுக்கு ஒரு இரட்டை முடிச்சு போட்டுவிடுங்கள். முடிச்சு போட்ட குயில்ட் குறைந்த ரகம் அல்ல. புத்தகங்களில் அதற்குத் தனி அத்தியாயமே இருக்கும், கடைசியில் ஒளிந்திருக்கும்.

கைத்தையலுக்கு 10-ஆம் எண் ஊசி என்கிறார்கள். மெஷினுக்கோ 14-ஆம் எண்? (சேலம்)

கை ஊசியில் எண் ஏற ஏற ஊசி சிறிது. மெஷின் ஊசியில் எண் ஏற ஏறத் தடிமன். கைத்தையலுக்கு 8 அல்லது 9-இல் தொடங்குங்கள். இன்ச்சுக்குப் பத்துத் தையல் என்று புத்தகம் மிரட்டும். ஐந்து போட்டாலும் சமமாக இருந்தால் பார்க்க அழகுதான்.

நம் நாட்டில் அளவு, அட்டை, பார்டர் பட்டி எதுவும் இல்லாமலே போர்வை தைக்கிறார்களே. அப்புறம் எதற்கு இந்தப் புத்தகங்கள்? (பெங்களூரு)

நல்ல கேள்வி, நீங்கள் இருக்கும் மாநிலத்திலேயே பதிலும் இருக்கிறது. வட கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பகுதிகளில் வாழும் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி என்ற போர்வை, அமெரிக்கப் புத்தகம் சொல்லும் ஒவ்வொரு படியையும் தலைகீழாக்குகிறது. இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள். பழைய சேலை ஒன்றை அடித்துணியாக விரித்து, விளிம்பில் தொடங்குவார்கள். ஒரு துண்டை வைத்து ஓரத்தை மடித்து ஓட்டுத் தையல் போட்டு, அடுத்த துண்டை அதன்மேல் கொஞ்சம் ஏற்றி, சுற்றிச் சுற்றி உள்நோக்கி வந்து நடுவில் முடிப்பார்கள். துண்டுகளை இணைப்பதும் அடுக்குகளைத் தைப்பதும் ஒரே வேலை. விளிம்பு முதலிலேயே மடிந்துவிடுவதால் தனிப் பட்டி தேவையில்லை. நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைத்த பிறகுதான் அது முழுமை பெறும்.

அளவுச் சட்டங்களை மீறுவது இங்கு மட்டும் இல்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற ஊரின் கறுப்பினப் பெண்கள், தேய்ந்த வேலை உடுப்புகளைக் கொண்டு கண்ணளவில் தைத்த குயில்ட்டுகள் 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும் பிறகு நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்திலும் வைக்கப்பட்டன.

ஆனால் இந்த இரண்டு கலையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக் கற்றவை. பக்கத்தில் ஆள் இல்லாதவருக்குத்தான் கால் இன்ச் கணக்கு. கண் செய்ய வேண்டிய வேலையை எண் செய்கிறது. கைத்தையல் மட்டும் போதும், நேர்க்கோடு கட்டாயமில்லை என்பவர்கள் தாராளமாகக் கவந்தி முறையில் தொடங்கலாம். முதலில் ஒரு குஷன் உறை அளவுக்குத் தைத்துப் பாருங்கள்.

இலவசமாகப் படிக்க ஏதாவது பழைய புத்தகம் உண்டா? (நெல்லை)

மேரி வெப்ஸ்டர் 1915-இல் எழுதிய குயில்ட் வரலாற்றுப் புத்தகம் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இருக்கிறது. படிக்கச் சுவையானது. தைக்கும் முறைக்கு ஒரு அத்தியாயம்தான். அதை மட்டும் வைத்துத் தைக்க முடியாது.

முதல் குயில்ட்டாக டபுள் காட் அளவு தைக்கட்டுமா? (ஈரோடு)

வேண்டாம். 36 இன்ச் சதுரம், குழந்தைக்கு. ஒன்பது சதுரங்கள் கொண்ட நைன் பேட்ச் பிளாக் போதும்: இரண்டரை இன்ச்சில் ஒன்பது சதுரம் வெட்டினால் முடிந்தபின் ஆறு இன்ச் பிளாக். வரிசைக்கு ஆறு, மொத்தம் 36 பிளாக். ஓரப் பட்டிக்குச் சுற்றளவு 144 இன்ச், மூலைக்கும் இணைப்புக்கும் 12 சேர்த்து 156. 42 இன்ச் அகலத் துணியில் இரண்டரை இன்ச் பட்டி நான்கு வெட்டினால் சரியாக இருக்கும்; 36 இன்ச் பன்னா என்றால் ஐந்து வேண்டும்.

புத்தகம் சொன்னபடியே வெட்டினேன், ஒரு துண்டு மட்டும் பொருந்தவே இல்லை. புத்தகமே தப்பாக இருக்குமா? (தஞ்சாவூர்)

இருக்கும். எத்தனையோ அளவுகள் அச்சாகும் இடத்தில் பின்னம் ஒன்று மாறிப்போவது அபூர்வமல்ல, முதல் பதிப்பில் குறிப்பாக. பல பதிப்பகங்கள் தங்கள் இணையதளத்தில் திருத்தப் பட்டியல் போடுகின்றன; வெட்டுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள். நீங்களே சரிபார்க்கவும் முடியும்: ஒரு வரிசையின் துண்டு அகலங்களை எல்லாம் கூட்டி, தையல் ஒன்றுக்கு அரை இன்ச் வீதம் கழியுங்கள். பிளாக்கின் அளவோடு அரை இன்ச் கூடுதலாக வர வேண்டும். வரவில்லை என்றால் அந்தப் பக்கத்தில் பென்சிலால் திருத்திவிட்டு, காடாத் துணியில் ஒரே ஒரு பிளாக் தைத்துப் பார்த்த பிறகு நல்ல துணியில் கத்தரி வையுங்கள்.