பெரும்பான்மை பார்த்தால் சாவி கிடைக்காது

அண்ணா,

என்னிடமும் நண்பனிடமும் ஆளுக்கு ஒரு லட்சம் ரேண்டம் பிட்கள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது ஒத்துப்போகும். இதிலிருந்து, செய்திகளைப் பூட்ட எங்கள் இருவருக்கு மட்டும் தெரிந்த ரகசியச் சாவியாக எத்தனை பிட் எடுக்கலாம்? பேசினால் ஒட்டுக்கேட்பவனுக்குத் தெரிந்துவிடும் என்பதால், பேசாமலே அவரவர் பிட்களில் 0 அதிகமா 1 அதிகமா என்று பார்த்து அதையே பொது பிட்டாக வைத்துக்கொண்டால்? இத்தனை பிட் இருக்கும்போது தவறு வராதே. குவாண்டம் முறையில் சாவி பகிர்வது வந்தால் இதெல்லாம் தேவையா?

அன்புள்ள தம்பி,

குவாண்டத்தை விடுங்கள். அங்கேயும் அளந்து முடித்ததும் கையில் மிஞ்சுவது இதே அரைகுறையாக ஒத்துப்போகும் பிட்கள்தான்.

உங்கள் பெரும்பான்மைக்கு வருகிறேன், கொஞ்ச நாளாக மண்டையில் ஓடுவதும் அதுதான். "தவறு வராதே" என்று எழுதும் முன் பத்து வரி நிரல் எழுதி ஓட்டிப் பார்த்தால் என்ன? இருவர் பெரும்பான்மையும் ஒத்துப்போவது நூற்றுக்குச் சுமார் 80 தடவைதான். லட்சத்தையும் ஒதுக்கிவிட்டு இருவரும் முதல் பிட்டை மட்டும் எடுத்திருந்தால் 90! ஒரே செய்தியைத் திரும்பத் திரும்ப அனுப்பும்போதுதான் பெரும்பான்மை பிழையைக் குறைக்கும், ஏனென்றால் அங்கே அடியில் ஒரு உண்மை இருக்கிறது. உங்கள் பிட் ஒவ்வொன்றும் தனியாகச் சுண்டிய நாணயம். 0-க்கும் 1-க்கும் எண்ணிக்கை வித்தியாசம் வழக்கமாகச் சில நூறுதான், நண்பரிடம் மாறியிருக்கும் பத்தாயிரம் பிட்கள் அதையே இருநூறு போல ஆட்டிவிடும், அப்புறம் எங்கே ஒத்துப்போவது?

வேறு தந்திரம் இருக்கும் என்று கிளம்பாதீர்கள். 0-உம் 1-உம் சமமாக வரும் ஒரு பிட்டை, பேசாமல், எந்தக் கணக்குப் போட்டு எடுத்தாலும் 90-ஐத் தாண்டாது என்று 1975-இலேயே விட்சன்ஹவுசன் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். (எப்போதும் 0 என்று சொல்லி முழுக்க ஒத்துப்போகலாம், அது சாவியா?)

அதனால் பேசுங்கள், எல்லோரும் கேட்கவே பேசுங்கள். அப்படிப் பேசியும் ரகசியம் மிஞ்சும் என்று 1993-இல் மௌரர் என்ற ஆய்வாளரும், தனியாக ஆல்ஸ்வேடே, சிஸார் என்ற இருவரும் எழுதினார்கள். பிழை திருத்தச் சுமார் 47,000 பிட் அளவுக்குச் சொல்லியாக வேண்டும், அவ்வளவும் ஒட்டுக்கேட்பவனுக்கும் தெரிந்துவிட்டதாகவே கணக்கு. மிச்சத்தை ஹேஷ் (பிட்களைக் கலந்து சின்னதாக்கும் கணக்கு) போட்டுச் சுருக்கினால் சுமார் 53,000 பிட் சாவி. அதற்கு மேல் ஒரு பிட்கூட வராது, எவ்வளவு கெட்டிக்காரத்தனமாகப் பேசினாலும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள், கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் ஒட்டுக்கேட்பவன் வெறுமனே கேட்கிறானா, அவனிடமும் உங்கள் பிட்களோடு ஒத்துப்போகும் பிட்கள் இருக்கின்றனவா என்று நீங்கள் எழுதவேயில்லை. இருந்தால் 53,000 குறைந்துவிடும், சில சமயம் பூஜ்யம் வரைக்கும். அந்த நிலையில் எல்லாவற்றுக்கும் பொருந்தும் சூத்திரம் இன்னும் யாரிடமும் இல்லை. அதை எழுதி அனுப்புங்கள், முதலில் நிரலை ஓட்டிவிட்டு.