பேசும் முன் தொண்டை இறுகினால், முதலில் மூச்சை வெளியே விடுங்கள்

கூட்டத்தில் உங்கள் முறை வரும்போது தொண்டை இறுகிக் குரல் நடுங்குகிறது, மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு பேசினால் இன்னும் மோசமாகிறது என்று எழுதியிருந்தீர்கள். எனக்கும் பல வருடம் இதே தொல்லை இருந்தது.

சிக்கல் அந்த இழுப்பில்தான் என்று நினைக்கிறேன். பதற்றத்தில் இழுக்கும்போது தோளும் கழுத்தும் தூக்கிக்கொள்ளும், தொண்டை இன்னும் இறுகும். குரல் பிறப்பதோ வெளிமூச்சில். நுரையீரலிலிருந்து வரும் காற்றுதான் குரல்நாண்களை அதிரவைக்கிறது. இதயத் துடிப்பும் மூச்சை இழுக்கும்போது சற்று வேகமாகி, விடும்போது மெதுவாகும். ஆகவே பேசுவதற்கு முன் உள்ளே இருக்கும் காற்றை மெதுவாக விடுங்கள். அடுத்த மூச்சு தானாக வரும். அதில் தொடங்குங்கள்.

தினமும் பிராமரி என்ற யோக மூச்சுப் பயிற்சியைச் செய்து பாருங்கள். வாயை மூடி, பற்கள் ஒட்டாமல், மூக்கால் இழுத்து, விடும்போது 'ம்ம்ம்' என்று வண்டுபோல முரல வேண்டும். 4 எண்ணும்வரை இழுத்தால் 8 எண்ணும்வரை முரலலாம். திணறினால் 6 போதும். அதிர்வு உதட்டிலும் மூக்கைச் சுற்றியும் தெரிய வேண்டும். தொண்டை கரகரத்தால் சத்தத்தைக் குறையுங்கள். ஐந்தாறு சுற்று செய்யலாம், மூச்சைப் பிடித்துவைக்க வேண்டாம்.

அப்புறம், எல்லாவற்றுக்கும் 'சரி' என்று தலையாட்டிவிட்டுப் பிறகு வருந்துவதாகச் சொன்னீர்களே, அங்கும் இதே வெளிமூச்சுதான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒன்றே ஒன்று. கேட்பவருக்கு நீங்கள் யோசிப்பதாகத்தான் தெரியும். 'நாளை சொல்கிறேன்' என்ற வாக்கியம் முதன்முதலில் என் வாயில் வந்தது அப்படித்தான்.

கரகரப்பு 3 வாரத்துக்கு மேல் நீடித்தால் மட்டும் தொண்டை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.