கல் பங்களாவும் புதிய கூடமும்

அன்புள்ள ஐயா,

மலையூர்களின் பழைய கட்டடங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். குன்னூரில் ஆசிரியையாக இருக்கிறேன். ஊட்டி கல் பங்களாவைப் போன்ற ஒரு கட்டடத்தைச் சீரமைத்து, பக்கத்தில் புதிய கூடம் ஒன்றும் கட்டி, நீலகிரிக்கென்று ஓவிய அருங்காட்சியகம் அமைக்கலாமே என்று நண்பர்கள் பேசிக்கொள்கிறோம். எனக்கு இரண்டு தயக்கங்கள். வெள்ளைக்காரர் கட்டிய வீட்டுக்கு ஏன் இவ்வளவு செலவு, அந்தப் பணத்தில் முழுவதும் புதிதாகவே கட்டிவிடலாமே? பழையதோடு புதியதை ஒட்டினால் இரண்டுமே கெட்டுப்போகாதா?

ஒரு வாசகி

அன்புள்ள ஆசிரியைக்கு,

கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822இல் ஊட்டியின் அந்தக் கல் பங்களாவைக் கட்டத் தொடங்கினார். மலையின் பழங்குடிகளான தோடர்களிடமிருந்து ஏக்கர் ஒரு ரூபாய் வீதம் நிலம் வாங்கப்பட்டது என்பது எல்லோரும் சொல்லும் வரலாறு. அருங்காட்சியகத்தின் முதல் அறையில் சொல்லப்பட வேண்டியது அந்த ஒரு ரூபாயின் கதைதான். அதை அந்தச் சுவர்களுக்குள் நின்று கேட்பதுபோல வேறெங்கும் கேட்க முடியாது. அங்கே தோடர்களின் புகூர் பூத்தையலும், குறும்பர்கள் வேங்கைப் பிசினாலும் இலைச்சாற்றாலும் தீட்டும் ஓவியங்களும் இடம்பிடிக்கட்டும். வீடு யாருடையது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை.

பணத்தைப் பொறுத்தவரை, எனக்குக் கவலையெல்லாம் அது எதில் செலவாகும் என்பதுதான். சீரமைப்பு என்றதும் நம் ஊரில் முதலில் வந்திறங்குவது சிமென்ட் மூட்டை. பழைய கல் சுவர் சுண்ணாம்புக் காரையால் ஆனது. மழையில் ஈரத்தை உறிஞ்சும், வெயில் வந்ததும் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபடுகிறது. ஆடி மாதத்தில் அப்படிப் பூசிய சுவரை முழங்கால் உயரத்தில் தொட்டுப் பாருங்கள். பூச்சு அப்பளம்போல உப்பியிருக்கும், விரலால் தட்டினால் உள்ளே வெற்றிடம் ஒலிக்கும். ஓரத்தைப் பெயர்த்தால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும், பின்னால் கல் சில்லென்று நனைந்திருக்கும். அந்தச் சுவரில் நீர்வண்ண ஓவியத்தை மாட்டினால் இரண்டு மழைக்காலத்தில் காகிதத்தில் பழுப்புப் புள்ளிகள் விழுந்துவிடும். ஆகவே முதல் செலவு கூரைக்கும், மழைநீர்க் குழாய்க்கும், கட்டடத்தைச் சுற்றிய வடிகாலுக்கும். அடுத்தது சுண்ணாம்போடு கடுக்காய்ச் சாறு சேர்த்துப் பூசத் தெரிந்த கொத்தனாருக்கு. திறப்புவிழாப் படங்களில் இவை எதுவும் தெரியாது என்பதாலேயே இவற்றுக்குப் பணம் ஒதுக்க ஆளில்லை. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

இனி புதிய கூடம். பெரிய காட்சி அரங்கு கட்டுவதைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். நான் கேட்பது ஒரு சேமிப்பறை. எந்த அருங்காட்சியகத்திலும் பார்வைக்கு வைத்திருப்பது கொஞ்சம், உள்ளே வைத்திருப்பதுதான் அதிகம். காகிதத்துக்கு ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி நிலையாக இருக்க வேண்டும், 65ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஊட்டியில் மழை மாதங்களில் காற்றின் ஈரப்பதம் 90ஐத் தொடுகிறது. நீர்வண்ண ஓவியத்தின்மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குள் இருக்க வேண்டும். இத்தனை கட்டுப்பாட்டையும் பழைய வீட்டின் தலையில் ஏற்றினால், காற்றோட்ட வழிகளை அடைத்து, பொய்க்கூரை போட்டு, குளிரூட்டும் கருவிக்காகச் சுவரைத் துளைப்பார்கள். இந்தச் சுமையைப் புதிய கட்டடம் தாங்கட்டும். சேமிப்பறை, பழுதுநீக்கும் அறை, கழிப்பறை, சக்கர நாற்காலிக்கான சாய்வுப் பாதை எல்லாம் அங்கே போனால் பழைய வீட்டை அப்படியே விட்டுவைக்கலாம்.

மும்பையின் பாவ் தாஜி லாட் அருங்காட்சியகம் 1872இல் திறக்கப்பட்டது. சிதைந்து கிடந்த கட்டடத்தைப் பொறுமையாகச் சீரமைத்து 2008இல் மீண்டும் திறந்தார்கள். யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. புதிய பிரிவு ஒன்றுக்கு உலக அளவில் போட்டி வைத்து 2014இல் ஸ்டீவன் ஹால் என்ற கட்டடக் கலைஞரைத் தேர்ந்தெடுத்தது அதற்குப் பிறகுதான். இந்த வரிசைதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஒட்டினால் கெடுமா என்று கேட்டிருந்தீர்கள். பழையதைப் போலவே போலிக் கல் ஒட்டி, போலி வளைவு வைத்துக் கட்டினால் நிச்சயம் கெடும். எது 1822, எது நேற்றையது என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும். தவிர்க்க முடியாத சேர்க்கைகள் தங்கள் காலத்தின் அடையாளத்தோடு இருக்க வேண்டும் என்று பழைய கட்டடங்களைக் காப்பது பற்றிய 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனமும் சொல்கிறது. புதியது தாழ்வாக, தள்ளி, கண்ணாடி போட்ட ஒரு நடைபாதையால் மட்டும் இணைந்து நிற்கட்டும். அதற்காகச் சரிவை வெட்ட மட்டும் விடாதீர்கள். 2009 நவம்பரில் மண் சரிந்து எத்தனை பேரைக் கொண்டுபோனது என்பதை மலையில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் மாணவர்களை வைத்து இப்போதே ஒரு வேலை தொடங்கலாம். உரியவர்களிடம் அனுமதி பெற்று, ஒரு பழைய கட்டடத்தின் ஒரே சுவரை மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் நின்று, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஈரம் எந்த உயரம்வரை ஏறுகிறது, எப்போது இறங்குகிறது என்று ஒரு வருடம் குறித்துவைத்தால், திட்ட மதிப்பீடு போடும் பொறியாளரிடம் காட்ட உங்கள் கையில் சான்று இருக்கும். முதல் சில படங்களை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்.